ஸ்திரீபார்ட்டின் ஊர்: மதுரை நாட்குறிப்பு

வெள்ளி

மேல அனுமந்தராயன் கோயில் தெருவில் எம்.எஸ். சுப்புலட்சுமி வளர்ந்த வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமில்லை. முகப்பில் வீணை உருவம் இருக்கிறது. அதன் எதிரே நின்று பார்ப்பதுதான் சிரமம். சரக்கு இறக்கும் வண்டிகளும் தலைச்சுமைக்காரர்களும் விடுவதில்லை. "ஓரமாக நில்லுங்கள் அம்மா" என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டே போகிறார்கள்.

கூட வந்திருப்பவள் அக்கா மகள். கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் படிக்கிறாள். மதுரைப் பக்கத்தில் மேடையேறிய பெண்களைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், "நீங்கள் எழுதுங்கள் சித்தி, நான் வரைகிறேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கடைத் திண்ணை ஒன்றில் உட்கார்ந்து வீணையை வரைய ஆரம்பித்தவளைக் கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

சுப்புலட்சுமி பிறந்தது 1916இல். அம்மா சண்முகவடிவு வீணைக் கலைஞர், பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர். பெயருக்கு முன்னால் நிற்கும் 'எம்' மதுரை, 'எஸ்' சண்முகவடிவு. அப்பா பெயரின் முதலெழுத்து இல்லாமல் பள்ளிக்கூடத்தில் சேர முடியாதிருந்த நாட்டில், அம்மாவின் எழுத்தோடு ஒருவர் ஐக்கிய நாடுகள் சபை வரை போய்ப் பாடியிருக்கிறார். அது தேவதாசி மரபுக் குடும்பங்களின் வழக்கம். அங்கே கலை தாயிடமிருந்து மகளுக்குப் போனது, வீட்டுக்குச் சம்பாதித்தவளும் பெண்தான். அந்த மரியாதையைச் சுரண்டலோடு சேர்த்தேதான் ஊர் கொடுத்தது. பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி போராடினார். அந்த மரபுக்குள்ளிருந்தே எழுந்து மூவலூர் ராமாமிர்தம் போராடினார். 1947இல் சட்டம் வந்தது. வந்திருக்க வேண்டிய சட்டம். ஆனால் பொட்டு போனபோது மேடையும் அந்தப் பெண்களின் கையைவிட்டுப் போய், வேறு வீட்டுப் பெண்களுக்குக் கௌரவமாக மாறியது. இதைச் சொன்னால் இன்றும் சபாக்களில் பேச்சை மாற்றுவார்கள்.

எம்.எஸ். சுப்புலட்சுமியின் முதல் படமான 'சேவாசதனம்' 1938இல் வந்தது. பொருந்தாத கல்யாணத்தில் தள்ளப்பட்ட பெண்ணின் கதை. பக்தி சுப்புலட்சுமியை மட்டுமே அறிந்தவர்கள் இந்தத் தொடக்கத்தை மறந்துவிடுகிறார்கள். 1941இல் 'சாவித்திரி'யில் நாரதர் வேடம் போட்டார். அதில் கிடைத்த பணம் 'கல்கி' பத்திரிகை தொடங்கப் போனது.

"அவருக்கு என்ன கிடைத்தது சித்தி?" என்றாள் இவள்.

"நாரதர் வேடம் கிடைத்தது" என்றேன்.

கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளையும் இங்கே சொல்லிவிடலாம். நாடக மேடையிலிருந்து சினிமாவுக்குப் போனவர். 1935இல் 'நந்தனார்' படத்தில் நடிக்க அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். அன்று எந்த நடிகரும் கேட்டிராத தொகை. அதுவும் ஆண் வேடம்தான். பெண் பெரிய சம்பளம் வாங்க வேண்டுமென்றால் மீசையில்லாத ஆணாகவாவது வர வேண்டும் என்று அந்தக் காலம் நினைத்ததோ என்னவோ.

சென்னை மியூசிக் அகாடமி ஒரு பெண்ணுக்குச் சங்கீத கலாநிதி விருது கொடுத்தது 1968இல்தான். அந்த முதல் பெண் இந்தத் தெருக்காரர். அதுவரை அந்தச் சபையில் பெண்கள் பாடவில்லையா? பாடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

சனி, பகல்

மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் செல்போன் அனுமதியில்லை. வாசலில் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். இவளுக்கு அது சௌகரியமாகப் போயிற்று, பென்சில் இருந்தது.

ஊஞ்சல் மண்டபத்து விதானத்தில் மீனாட்சி கல்யாண ஓவியம் இருக்கிறது. அதில் ராணி மங்கம்மாளும், அவர் யார் பெயரில் ஆண்டாரோ அந்தப் பேரன் விஜயரங்க சொக்கநாதனும் இருக்கிறார்கள். பேரன் கைக்குழந்தையாக இருந்தபோது ஆட்சியை ஏற்றுப் பதினேழாம் நூற்றாண்டின் கடைசியிலும் பதினெட்டின் தொடக்கத்திலும் நடத்தியவர் மங்கம்மாள். சாலை, சத்திரம், குளம் என்று தென்பாண்டி முழுவதும் அவர் பெயர் சொல்ல ஏதாவது இருக்கிறது.

இந்த ஊரில் அம்மனே அரசி. சித்திரையில் பட்டாபிஷேகம், கையில் செங்கோல், அடுத்த நாள் திக்குவிஜயம், அதற்கடுத்த நாள் கல்யாணம். ஆவணி மூலத்தில் சுந்தரேசுவரருக்குப் பட்டம் கட்டும்வரை ஆட்சி அம்மனுடையது. இப்போது வைகாசி, ஆகவே நாங்கள் நிற்பது அரசியின் ராஜ்ஜியத்தில்.

"அப்படியானால் வருடத்துக்கு நாலு மாதம். மீதி எட்டு மாதம்?"

"சுவாமியுடையது."

"பங்கு பிரித்தது யார்?"

பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

வெளியே வந்து செல்போனை வாங்கியதும் இவள் ஒரு சுவரொட்டியைக் காட்டினாள். நியூயார்க்கில் 1985இல் சில பெண் ஓவியர்கள் சேர்ந்து 'கொரில்லா கேர்ள்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டு, கொரில்லா முகமூடி மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். 1989இல் அவர்கள் ஒட்டிய சுவரொட்டி இது. மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தின் நவீன ஓவியப் பிரிவுகளில் பெண் ஓவியர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு, ஆனால் அங்கிருக்கும் நிர்வாணச் சித்திரங்களில் 85 சதவீதம் பெண்களுடையவை. உள்ளே நுழையப் பெண் துணியைக் கழற்றத்தான் வேண்டுமா என்று கேட்கிறது. ஓவியர்களே அருங்காட்சியகத்துக்குள் போய் எண்ணி எடுத்த கணக்கு. புலம்பாமல் எண்ணிச் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது.

"நம் கோயிலில் எண்ணினால்?" என்றாள். சுவரிலும் தூணிலும் பெண் உருவங்களுக்குக் குறைவில்லை. செதுக்கியவர்கள், தீட்டியவர்கள் பெயர் ஆணுடையதும் இல்லை, பெண்ணுடையதும் இல்லை, பட்டியலே கிடையாது. எண்ணினால் எதை எண்ணுவது!

புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய கடைகளைப் பார்த்துவிட்டு, ஒரு சுங்குடிக் கடைக்குள் நுழைந்தோம். உண்மையான சுங்குடி என்றால் துணியைக் கிள்ளி, நூலால் இறுக்கி முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, காய்ந்தபின் முடிச்சை இழுத்துவிட வேண்டும். முடிச்சு இருந்த இடத்தில் புள்ளி விழும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுகள். சௌராஷ்டிரப் பெண்கள் வீட்டு வேலைக்கு நடுவே தலைமுறை தலைமுறையாகப் போட்டவை. சாயமும் வியாபாரமும் ஆண்கள் கையில். 2005இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கடையில் தொங்குவதில் பெரும்பகுதி இப்போது அச்சுப் புள்ளி. கைமுடிச்சுச் சேலை வேண்டும் என்றால் உள்ளேயிருந்து எடுத்து வருகிறார்கள்.

"முடிச்சுக்கு எவ்வளவு கூலி அண்ணன்?" என்று கேட்டேன். கடைக்காரர், "முன்பெல்லாம் அதற்கென்று நிறையப் பெண்கள் இருந்தார்கள். கட்டுபடியாகவில்லை என்று விட்டுவிட்டார்கள்" என்றார். யாருக்குக் கட்டுபடியாகவில்லை என்று அவர் சொல்லவில்லை.

சனி இரவு, ஞாயிறு விடியல்

இதற்காகத்தான் வந்தேன். மேலூருக்கு வடக்கே ஒரு கிராமம், அம்மன் கோயில் திருவிழா, வள்ளி திருமணம் ஸ்பெஷல் நாடகம். பங்குனியில் தொடங்கி ஆடிவரை இந்தப் பக்கத்து ஊர்களில் இந்த நாடகங்கள்தான்.

ஸ்பெஷல் நாடகத்துக்குக் கம்பெனி கிடையாது. நாயகனாக வரும் ராஜபார்ட் ஓர் ஊர், நாயகியாக வரும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊர், கோமாளியான பபூனும் அவனோடு ஆடும் டான்ஸும் இன்னோர் ஊர், ஆர்மோனியம் மதுரை. ஊர்க்காரர்கள் தனித்தனியாகப் பேசி அட்வான்ஸ் கொடுக்கிறார்கள். ஒத்திகை இல்லை. வேடம் போட்டுக்கொண்டு மேடையில்தான் சந்திக்கிறார்கள். எல்லாருக்கும் பொதுவாக இருப்பது சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்த நாடகம். 1918இல் மதுரையில் பாலர் சபா ஒன்றை நடத்தியவர் அவர். சிறுவர்களையே பெண் வேடத்துக்கும் பழக்கிய காலம் அது. பிறகு பெண்கள் மேடைக்கு வந்தார்கள், வந்த நாளிலிருந்தே பேச்சும் வாங்கினார்கள். ஊருக்கு முன்னால், அந்நிய ஆணோடு, விடிய விடிய நடிக்கிறவளுக்கு வேறென்ன பெயர் கிடைக்கும்?

பத்தரை மணிக்குப் பபூனும் டான்ஸும் வந்தார்கள். பபூனுடைய வேடிக்கையில் பாதி, எதிரே நிற்கும் பெண்ணின் உடம்பைப் பற்றியது. கூட்டம் சிரிக்கிறது. எனக்கு எரிச்சலாக இருந்தது, அதை ஒளிக்கப் போவதில்லை. அந்தப் பெண் சில இடங்களில் அவனுக்குச் சரியாகக் கொடுத்தாள். அவன் தன் ஆண்மையைப் பற்றி அளந்துகொண்டிருந்தபோது ஆர்மோனியக்காரரிடம் திரும்பி, "அண்ணே, சுருதி இறங்கிவிட்டது, பார்த்தீர்களா?" என்றாள். முன்வரிசைக் கிழவிகள் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார்கள்.

நள்ளிரவு தாண்டி வள்ளி வந்தாள். நாற்பது வயதிருக்கும். தினைப்புனம் காக்கிற பெண். முதலில் நாரதரோடு தர்க்கம், பிறகு வேடனாக வரும் முருகனோடு தர்க்கம். எழுதி வைத்த பாட்டுகளுக்கு நடுவே அவரவர் கையிலிருப்பதைப் போட்டு மடக்க வேண்டும். புராணம், இலக்கணம், சித்தர் பாட்டு, அன்றைய செய்தி எல்லாம் வரும். ராஜபார்ட் நல்ல குரல்காரர். "தனியாக இருக்கும் பெண்ணுக்குப் பயமில்லையா?" என்று இழுத்தார். வள்ளி, "காவலுக்கு வந்தவள் நான். இருக்கும் இடத்தில் இருக்கிறேன். வழி தவறி வந்தவர் நீங்கள், பயம் யாருக்கு வர வேண்டும்?" என்றாள். அவர் பெண்ணுக்கு அடக்கமே அழகு என்று ஒரு வெண்பாவை எடுத்துவிட்டார். வள்ளி, சக்தியில்லாமல் சிவனுக்கு அசைவில்லை என்று தொடங்கி, அவருடைய தாயாரையும் தங்கள் கூட்டத்துத் தலைவியையும் ஒரே கேள்வியில் கட்டி, அடக்கம் பேசுகிற முருகனுக்கு முதல் மனைவி ஒருத்தி வீட்டில் இருப்பதை ஊருக்கு ஞாபகப்படுத்தினாள். பந்தல் அதிர்ந்தது. ஒரு பெரியவர் எழுந்துபோய் அவள் கையில் நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்தார். மைக்கில் அவர் பெயர் வாசிக்கப்பட்டது.

வள்ளி கடைசியில் முருகனைக் கட்டிக்கொள்வாள், கதை அப்படி. ஆனால் விடியற்காலை நாலு மணிவரை அவள் தோற்கவில்லை. வருடத்தில் எத்தனையோ இரவுகள், எத்தனையோ ஊர்களில், ஆணும் பெண்ணும் சமமாக நின்று வாதாடுவதையும் பெண் மடக்குவதையும் ஊரே உட்கார்ந்து பார்க்கிறது. பெண்ணுரிமைக் கருத்தரங்கு எதற்கும் இந்தக் கூட்டம் வந்ததில்லை.

ஐந்து மணிக்கு ஒப்பனை கலைத்தவரிடம் பேச்சுக் கொடுத்தேன். மைசூர்பாகு நிறப் புடவை, காதில் ஒன்றுமில்லை.

"என்ன அக்கா, தூங்காமல் பார்த்தீர்களா?" என்றார்.

"நீங்கள் தூங்க விட்டால்தானே."

சிரித்தார். அம்மாவும் ஸ்திரீபார்ட். மகள் நர்சிங் படிக்கிறாள், மேடைக்கு அனுப்பப் போவதில்லை. "என்னை நேற்றுக் கும்பிட்டவர்தான் அக்கா, வாடகைக்கு வீடு கேட்டால் நாடகக்காரிக்கு இல்லை என்பார். அதனால் நாடகம் முடிந்தால் வேன், வேனிலிருந்து வீடு. டீக்கடையில் இறங்க மாட்டேன். இறங்கினால் அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள்."

சம்பளம் கேட்டேன். ராஜபார்ட்டுக்குத்தான் அதிகம். "ஆனால் என் தேதியை நானே பேசுகிறேன். முன்பு அண்ணன் பேசினான், கணக்கு அவனிடமே நின்றது. இப்போது அட்வான்ஸ் என் கைக்கு வந்தால்தான் காலண்டரில் எழுத விடுவேன்."

இவள் அவரை வரைந்து காட்டினாள். பார்த்துவிட்டு, "மூக்கு சரியில்லை, ஆனால் வாய் சரி" என்றார்.

ஞாயிறு

மத்தியானம்வரை தூக்கம். பிறகு திருமங்கலம் பஸ்.

அங்கே தியாகி விஸ்வநாததாஸ் நினைவகம் இருக்கிறது. மேடையில் முருகனாக வந்து வெள்ளைக்காரனை விரட்டும் பாட்டுப் பாடியவர். 'கொக்குப் பறக்குதடி பாப்பா' என்றால் கொக்கு யார் என்பது போலீஸுக்கும் தெரியும். பலமுறை சிறை. 1940 கடைசி நாளில் சென்னையில் மேடையிலேயே, மயில் மேல் உட்கார்ந்தபடி உயிர் போயிற்று.

நான் வந்தது அவரோடு நடித்த பெண்ணுக்காக. விஸ்வநாததாஸ் நாவிதர் சாதி. அவருக்கு ஜோடியாக வள்ளி வேடம் போடப் பல நடிகைகள் மறுத்தார்கள். மறுக்காதவர் கே.பி. ஜானகி அம்மாள். 1917இல் மதுரையில் பிறந்து, பன்னிரண்டு வயதில் நாடகக் கம்பெனிக்குப் போனவர். பெரிய ஸ்திரீபார்ட் ஆனார், நகையும் பட்டும் சேர்த்தார். பிறகு அந்தக் குரலை மேடையிலிருந்து தெருவுக்கு இறக்கினார். தேசியப் பாட்டு, தொழிலாளர் கூட்டம், யுத்த எதிர்ப்புப் பேச்சு, சிறை. கம்யூனிஸ்ட் கட்சிக்காக நகைகளை விற்றார், சொத்தை விற்றார். 1967இல் மதுரை கிழக்குத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். 1970களில் பாப்பா உமாநாத்தோடு சேர்ந்து தமிழ்நாட்டில் ஜனநாயக மாதர் சங்கத்தைக் கட்டியவர்களில் ஒருவர். 1992இல் இறந்தார்.

எம்.எஸ்.ஸும் ஜானகி அம்மாளும் ஒரே ஊர், ஒரு வயது வித்தியாசம். இருவருக்கும் குரல்தான் முதலீடு. ஒருவர் அந்தக் குரலால் ஊர் கும்பிடும் உயரத்துக்குப் போனார். அதற்கு விலையாகத் தன் பிறப்பைப் பற்றிப் பேசாமல் இருந்தார். மற்றவர் 'நாடகக்காரி' என்ற பேச்சைத் துடைக்க முயலவே இல்லை, அதோடேயே சட்டமன்றத்துக்குள் போனார். எனக்கு இரண்டாமவர் மேல்தான் பிரியம். பாட்டு கேட்க வேண்டுமென்றால் முதலாமவரிடம்தான் போவேன்.

திங்கள்

உசிலம்பட்டி. சந்தைக்கூட்டம், வெயில். இந்த ஊரின் பெயரை 1980களில் இந்தியா முழுவதும் வேறு காரணத்துக்காகத் தெரிந்துகொண்டது: பெண் சிசுக்கொலை. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், படமெடுத்தார்கள், தாய்மார்களைக் கொலைகாரிகளாக எழுதிவிட்டுப் போனார்கள். 1992இல் அரசு, வளர்க்க முடியாத பெண் குழந்தையைத் தன்னிடம் விட்டுவிடச் சொல்லும் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்தது.

1990களில் நாடக இயக்குநர் அ. மங்கை இதைப் பற்றி 'பச்சமண்ணு' என்ற நாடகத்தைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார். பெண்ணின் வாழ்க்கையில் ஒவ்வொரு சடங்குக்கும் ஆகும் செலவையும் ஒவ்வொரு சீரையும் மேடையில் நடத்திக் காட்டி, பிறந்த குழந்தையின் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று பார்ப்பவர்களையே யோசிக்க வைத்த முறை அது. தாயைக் கூண்டில் நிறுத்துவதைவிட இது கடினமான வேலை. பின்னாளில் அவர் இயக்கிய, இன்குலாப் எழுதிய 'ஔவை' நாடகத்தில் ஔவை கோலூன்றிய கிழவியாக வரவில்லை; கள்ளுண்டு, பாடி, தூது போகும் இளம்பெண்ணாக வந்தாள். சங்கப் பாட்டில் இருப்பவள் அவள்தான்.

இங்கே டீக்கடையில் ஒருவர், "அதெல்லாம் பழைய கதை தாயி, எழுதாதீர்கள்" என்றார். எழுதுகிறேன் என்றேன். "சரி, இப்போது எங்கள் பிள்ளைகள் போலீஸில் இருக்கிறார்கள், அதையும் எழுதுங்கள்" என்றார். எழுதிவிட்டேன்.

மாலையில் அனுப்பானடி. நர்த்தகி நடராஜ் பிறந்த பகுதி. 1964இல் ஆண் குழந்தை என்று பதிவான பிறப்பு. உள்ளே இருந்த பெண்ணுக்கு நாட்டியம் ஒன்றே வழியாக இருந்தது. வீட்டைவிட்டு வெளியேறி, தோழி சக்தியோடு தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தார். பரதநாட்டியத்துக்கு முறை வகுத்த தஞ்சை நால்வர் வழிவந்த அந்த ஆசான்தான் நர்த்தகி என்று பெயர் வைத்தார். 2019இல் பத்மஸ்ரீ, திருநங்கை ஒருவருக்குக் கிடைத்த முதல் பத்மஸ்ரீ. தெருவில் விசாரித்தால் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிகிறது.

செவ்வாய்

வாடிப்பட்டி. மேளத்துக்குப் பேர்போன ஊர். மேளமும் நாகசுரமும் ஆண்களுடையவை என்பது இந்தப் பக்கத்தில் நெடுநாள் தீர்ப்பு. பெண்ணுக்கு மூச்சு போதாது என்பார்கள். மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய் நாகசுரத்தை எடுத்து மேடையேறி அந்தப் பேச்சை முடித்துவைத்தார். நாகசுரம் வாசித்த முதல் பெண் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். 2012இல் மறைந்தார்.

பறையின் கதை இன்னும் சிக்கல். சாதியால் சிலர் மேல் சுமத்தப்பட்ட வேலை அது, சாவு வீட்டில் அடிப்பது. அந்தச் சாதியிலும் அது ஆணின் வேலை. திண்டுக்கல்லில் சகோதரி சந்திராவின் சக்தி கலைக்குழு தலித் பெண்கள் கையில் பறையைக் கொடுத்தது இரண்டு பூட்டுகளையும் ஒரே நேரத்தில் உடைக்கத்தான். இன்று பல ஊர்களில் பெண்கள் குழுக்கள் இருக்கின்றன. அலங்காநல்லூர்ப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தபின் பறைக்குக் கல்லூரி விழாக்களில் அழைப்பு கூடியிருக்கிறது.

நாங்கள் பார்த்தது பள்ளி மைதானத்தில் பயிற்சி செய்த ஒரு குழு. எல்லாரும் இருபதுகளில் இருப்பவர்கள். வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சினார்கள். வலது கையில் குட்டையான அடிக்குச்சி, இடது கையில் மெல்லிய சுண்டுக்குச்சி. பறை தோளில் தொங்க, அடித்துக்கொண்டே சுழன்று ஆட வேண்டும். இவளுக்குக் குச்சியைக் கொடுத்தார்கள். இரண்டு சுற்றில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள்.

குழுத் தலைவி தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். சாவுக்குப் போவதில்லை, குடித்தவர் ஆட வந்தால் பறையைக் கீழே வைத்துவிடுவார்கள், போகவும் வரவும் வண்டி அழைப்பவர் செலவு. இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. ஒரு கோயில் கமிட்டி.

"சொல்லுங்கள் அண்ணன்... பத்துப் பேர்... போன வருடம் எந்தக் குழு வந்தது?... ஓ, அவர்களா. அவர்களுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?... அதையே எங்களுக்கும் கொடுங்கள்... பெண்பிள்ளைகள் என்றால் பறை பாதி எடைக்கு வருமா அண்ணன்?... யோசித்துச் சொல்லுங்கள்."

போனை வைத்துவிட்டு அடுத்த அடவுக்குப் பிள்ளைகளைக் கூப்பிட்டார். கமிட்டிக்காரர் நாங்கள் கிளம்பும்வரை திரும்பக் கூப்பிடவில்லை. ஆனால் அதற்குள் சோழவந்தான் பக்கத்திலிருந்து வேறொருவர் கூப்பிட்டு, கேட்ட தொகைக்கு ஒத்துக்கொண்டு, அட்வான்ஸை அவர் கணக்குக்கே அனுப்பிவிட்டார்.